கால் விட்டுப்போன ஆவாரை

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
24-1-1999

என் தங்கை புருஷனும் பழைய ஷிப்டுக் கூட்டாளியுமான மாப்பிள்ளை ராஜப்பாவுக்கு, கோரமண்டல் லைன் வீட்டிலிருந்து பக்தவச்சலம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பார்வதம்மாவும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருந்தால் எனக்கென்ன, என் தங்கை அமலு நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் எழுது.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. போஸ்ட்மேன் அதைத் தோளில் தூக்கிவந்து, "இன்னா சார், உங்க மாப்ள தங்கக் கட்டி அனுப்பிகீறாரா, இந்தக் கனம் கனக்குது" என்றான். ஹட்டி தங்கச் சுரங்கத்தில் நல்ல வேலையில் இருக்கிற மனுஷன், இருந்தாலும் இருக்கும் என்று நானும் ஆசையாகப் பிரித்தேன். பார்த்தால் அவரைக் கொட்டை. ரெண்டு படி அவரைக் கொட்டை!

யோவ் மாப்ளே, உனக்கு மூளை இருக்கிறதா, இல்லை சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கும்போது அதையும் லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறாயா? கோலார் சீமையில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் தை மாசத்தில், ஒருத்தன் ஹட்டியிலிருந்து அவரை கேட்பானா? இங்கே ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நடந்தால் காலில் மிதிபடுவதே அவரைத் தோல்தான். எங்கள் வீட்டில் காலையில் அவரைக் கொட்டை உப்புமா, பகலில் பிதுக்குப்பருப்புக் குழம்பு, சாயங்காலம் வறுத்த அவரை. தெருவில் யார் வந்தாலும் வாசனையை வைத்து எந்த வீட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம். நான் கேட்டது ஆவாரை. உன் குவார்ட்டர்ஸ் பின்னால் மேடு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது என்று போன தடவை வந்தபோது பீற்றிக்கொண்டாயே, அந்த ஆவாரை. அதன் விதை.

இதை எல்லாம் திட்டித் தீர்த்த பிறகு பார்வதம்மா சும்மா இருந்தாளா? "நீ இன்னா எழுதினியோ, அவரு இன்னா படிச்சாரோ" என்று இழுத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நேசமணியைக் கூப்பிட்டேன். அவள் பால்வாடி டீச்சர், உனக்குத் தெரியும். கையில் சிலேட்டைக் கொடுத்து, "அண்ணே, ஆவாரைன்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆவன்னாவுக்குச் சுழி இல்லையாம், வாவுக்குக் கால் இல்லையாம். "கால் போனா ஆவாரை அவரை ஆயிடும் அண்ணே" என்றாள். மூணாம் வகுப்போடு நின்றவன் நான். கால் போடச் சொல்லித் தந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகாமல் ரயில் பார்க்கப் போயிருப்பேன். சரி, உன்னைத் திட்டியதில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி உனக்கே. இனிமேல் என் கடிதம் எல்லாம் நேசமணி கை பார்த்துத்தான் தபாலுக்குப் போகும்.

விதை எதற்கு என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கும் சக்கரை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நீ மட்டும் தனியாகச் சக்கரைக்காரனாக இருந்தால் நன்றாகவா இருக்கும், அதுதான் துணைக்கு வந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து "லெவல் ரொம்ப அதிகம்" என்றாள். "சொரங்கத்துல நூறாவது லெவல் வரைக்கும் இறங்கினவன்மா நானு, நீங்க எத்தினியாவது லெவலைச் சொல்றீங்க" என்றேன். இருநூற்று எண்பதாம். அந்த லெவலுக்கு நம் ஷாஃப்டில் எந்தக் கேஜும் போகாது மாப்ளே.

ஆவாரம்பூவைக் காய்ச்சிக் குடித்தால் நல்லது என்று நேசமணி சொன்னாள். இங்கே பக்கத்தில் நிற்கிற நாலு செடியும், தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு ஓரம். காற்றடித்தால் பூ மேல் வெள்ளையாகத் தூசி படிகிறது. அதைக் குடிக்கப் பார்வதம்மா விடமாட்டாள். அதனால் நாமே வாசலில் போட்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று ஆசை. ஆ, வா, ரை. நேசமணி கீழே பெரிதாக எழுதித் தந்திருக்கிறாள். காலை எண்ணிப் பார்த்துக்கொண்டு அனுப்பு.

அவரையில் பாதியைத் தின்றுவிட்டோம். மீதியைக் கூரை ஓரமாக ஊன்றிவைத்தேன். உன் ஞாபகமாக இருக்கட்டும். அமலுவுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு அடுத்த கடிதத்தில் யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்


கோரமண்டல்
12-11-2000

மாப்பிள்ளை ராஜப்பாவுக்கு, நீ கேட்காமலே எங்கள் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். சுகம். உன் அவரை கூரை ஏறி நேசமணி வீட்டுப் பக்கமும் போய்விட்டது. அவளும் காய் பறிக்கிறாள். கால் இல்லாமலே எத்தனை தூரம் போகிறது பார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா வருகிறது, ஜாக்கிரதையாகப் பிரி. உள்ளே இருப்பது ஆவாரம்பூ. உன் மேட்டு விதை, என் வாசல் மண்ணு, நிழலில் காயவைத்தது.

இந்த விதை என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரிய வேண்டும். முதல் தடவை சும்மா மண்ணில் தூவித் தண்ணீர் விட்டேன். ஒரு மாசம் ஆகியும் ஒன்றும் கண் திறக்கவில்லை. இரண்டாம் தடவை ஊறவைத்துப் போட்டேன். இருபதில் ஒன்று முளைத்து, அதையும் கோழி கிளறிவிட்டது. பாறையில் ட்ரில் போட்டவன் நான், ஒரு கடுகளவு விதை எனக்கு வளைந்து கொடுக்கவில்லை. பார்வதம்மாதான் வழி கண்டாள். விதையைக் கொஞ்சம் மணலோடு அம்மியில் போட்டு லேசாக உருட்டி, தோல் கீறல் விட்டதும் வெந்நீரில் போட்டு ஒரு நாள் மூடிவைத்தாள். பிறகு பால் கவரில் செம்மண் நிரப்பி ஒவ்வொன்றாக ஊன்றினாள். எட்டாம் நாள் பார்த்தால் எல்லாக் கவரிலும் பச்சை. "உன்ன மாதிரிதான்யா, நாலு தேய்ப்பு தேய்ச்சாத்தான் வழிக்கு வருது" என்கிறாள்.

இப்போது வாசலில் ஆறு செடி, என் இடுப்பு உயரம். ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. தண்ணீர் கேட்கிற ஜாதி இல்லை. வேர் பிடித்த பிறகு நான் அதைக் கவனிக்கிறதே இல்லை, அதுவும் என்னைக் கண்டுகொள்வதில்லை. மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி கெத்தாக நிற்கிறது. காலையில் வெயில் ஏறும் முன்னால் பூவைப் பறித்துவிட வேண்டும். பழைய வேட்டியில் பரப்பி வீட்டுக்குள்ளேயே உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மஞ்சள் போய் டீத்தூள் மாதிரி ஆகிவிடும். ஒரு கைப்பிடிப் பூ, ரெண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிடு. அமலுவிடம் கொஞ்சம் பூவைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கச் சொல்லு. மீதியைப் பயத்தமாவோடு அரைத்துத் தேய்த்துக் குளி. இந்த வயசில் நீ நிறமாகிப் பிரயோஜனம் இல்லை, இருந்தாலும் அமலு பார்க்க வேண்டியிருக்கிறதே, அவளுக்காக.

இப்போது பெரிய சேதி. போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பது! இருநூற்று எண்பதில் இருந்தவன் நூற்று நாற்பதுக்கு ஏறி வந்துவிட்டேன், இல்லை இறங்கி வந்துவிட்டேன், எப்படியோ. எல்லாம் இந்தப் பூதான். மாத்திரைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று. அந்த டாக்டரம்மா ஆச்சரியப்பட்டு நிற்கிறாள். நீ இன்னும் வேளைக்கு ரெண்டு மாத்திரை என்று எண்ணி முழுங்கிக்கொண்டு கிட. வீரன் நான் பூத் தண்ணீரிலேயே ஜெயித்துவிட்டேன்.

சுரங்கத்துக்குப் போடுகிற ரப்பர் கம்பூட்டு உரசிக் கால் விரலில் உனக்குப் புண் என்று அமலு எழுதியிருந்தாள். புதுப்பெண் மாதிரி சிணுங்காதே. வேப்பெண்ணெய் போடு, ஆறிவிடும்.

எங்களுக்கு இங்கே ஷாஃப்டை மூடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. பத்து வருஷமாக அதே பேச்சு. மூடினால் நான் ஆவாரம்பூ வியாபாரி. உனக்கு ஏஜென்சி கொடுக்கிறேன்.

அமலு மஞ்சள் குங்குமத்தோடு பல்லாண்டு இருக்கட்டும். அதில் உனக்கும் ஒரு லாபம் இருக்கிறது, யோசித்துப் பார்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்
(எழுத்துப் பிழை பார்த்தது: நேசமணி)


கோரமண்டல்
2-9-2001

ராஜப்பா,

நேற்று ராபர்ட்சன்பேட்டை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அமலுவோடு பேசினேன். அவள் பேசியதைவிட அழுததுதான் அதிகம். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ போனுக்கு வரமாட்டேன் என்றாயாம். அதனால்தான் இந்தக் கடிதம். ஊரிகத்தில் இருக்கிற நம் பழைய கூட்டாளி ஹரோல்ட் நாளைக் காலையில் தன் மகளைப் பார்க்க ஹட்டிக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்து, உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தபாலுக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

நானும் வருகிறேன். புதன்கிழமை பங்காருபேட்டையில் ரயில் ஏறுகிறேன். நேரில் வருகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். உன் மூஞ்சியைப் பார்த்ததும் என் வாயில் கேலிதான் வரும் மாப்ளே. முப்பது வருஷப் பழக்கம். இதை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் கடிதம் முன்னால் வரட்டும், நான் பின்னால் வருகிறேன்.

அமலு சொன்னதை நீ எனக்குச் சொன்னதாக வைத்துக்கொண்டு திரும்பச் சொல்கிறேன், சரியா என்று பார். விரல் கறுத்துவிட்டது. கறுப்பு பாதத்துக்கு ஏறுகிறது. ராய்ச்சூர் டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் சொல்வதற்கில்லை என்கிறார். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாய். மாத்திரையை நிறுத்தி எட்டு ஒன்பது மாசம் ஆகிறதாம். அமலு கெஞ்சியதற்கு நீ சொன்னது, "உங்கண்ணன் ஒரு மாத்திர இல்லாம பூத்தண்ணியிலேயே எறக்கிட்டான், எனக்கு மட்டும் எறங்காதா." இன்னும் தினம் மூணு வேளை அந்தப் பூவைக் காய்ச்சிக் குடிக்கிறாயாம்.

ராஜப்பா, நான் ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தவில்லை.

காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. பார்வதம்மா உள்ளங்கையில் வைத்து, நான் முழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். பூத் தண்ணீரையும் குடித்தேன், நடக்கவும் நடந்தேன், சோற்றையும் பாதியாகக் குறைத்தேன். நூற்று நாற்பது வந்தது இத்தனையாலும். பூ ஒன்றால் இல்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதியது டூப்பு. உன்னைச் சீண்ட வேண்டும் என்று விட்ட டூப்பு.

அன்றைக்கு நேசமணி படித்துவிட்டுக் கேட்டாள். "இன்னா அண்ணே, மாத்திரைக்குக் கும்பிடு போட்டுட்டேன்னு எழுதிகீறீங்க, தினம் முழுங்கிக்கினுதானே இருக்கீங்க" என்றாள். நான் சொன்னேன், "கால் சுழி பாக்கத்தாம்மா உன்னாண்ட குடுத்தேன், பொய் பாக்க இல்ல. எம் மாப்ள நம்பவா போறான்." அவள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே ஒட்டி அனுப்பினேன். நூறு கதை விட்டிருக்கிறேன் உன்னிடம், நீ ஒன்றையும் நம்பியதில்லை. அண்டர்கிரவுண்டில் பேய் இருக்கிறது என்றேன், நம்பவில்லை. உன் கல்யாணத்தில் என் தங்கைக்கு வாய் கிடையாது என்றேன், அதையும் நம்பவில்லை. போயும் போயும் இதை ஏனடா நம்பினாய்?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நம்புகிற மாதிரி எழுதினது நான்தான்.

நேற்று போன் பூத்திலிருந்து வந்ததும் கொடுவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஆறு செடியையும் அடியோடு சாய்க்க வேண்டும் என்று ஒரு வெறி. பார்வதம்மா கையைப் பிடித்தாள். "செடி இன்னாயா பண்ணுச்சு? அது பாட்டுக்குப் பூத்துச்சு. டூப்பு வுட்டது நீ" என்றாள். கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஆனியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட செடி, இப்போது முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்து மஞ்சளாக நிற்கிறது. இதைப் பார், வெட்டினால் தழைக்கிறது, உனக்கும் அப்படித்தான் என்று எழுதலாமா என்று தோன்றியது. எழுதமாட்டேன். செடி வேறு, கால் வேறு. எடுத்த கால் முளைக்காது. இனிமேல் உனக்கு அந்த மாதிரிக் கதை விடுவதில்லை.

முளைக்காது, ஆனால் நிற்கலாம். அதைக் கதையாகச் சொல்லவில்லை, தொழில்காரனாகச் சொல்கிறேன். ட்ரில்லை விட்ட பிறகு இருபத்தாறு வருஷம், சுரங்கக் கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேனாக இருந்தவன். மேலே அத்தனை மலையும் உட்கார்ந்திருக்கும்போது, கீழே ஒரு மரத்தை எந்த இடத்தில் எந்தச் சாய்வில் வைத்தால் கூரை நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதானே நீ சோறு தின்றாய், பீடி பிடித்தாய், குறட்டைகூட விட்டாய். ஒரு நாளாவது உன் தலையில் மண் விழுந்ததா? அதற்கே முட்டுக் கொடுத்தவன், உன் ஒரு காலுக்கு முட்டுக் கொடுக்கமாட்டேனா? ராய்ச்சூரிலேயே கால் செய்து போடுகிறார்களாம், ஹரோல்ட் மகள் விசாரித்துச் சொல்லியிருக்கிறாள். அது பொருந்தும்வரை என் தோள் இருக்கிறது. இங்கே ஷாஃப்டை மூடி ஆறு மாசம் ஆயிற்று, எனக்கு எந்த ஷிப்டும் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் உன் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பேன். பார்வதம்மாவும் வருகிறேன் என்கிறாள். மாத்திரை விஷயத்தில் அவள் எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்துகொள்வாய்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். வந்ததும் திட்டு, செருப்பை எடு, ஒரு வருஷம் பேசாமல் இரு. எதற்கும் நீ இருந்தால்தானே முடியும்.

அமலு போனில் கடைசியாக ஒன்று சொன்னாள். "அண்ணா, அவரு பயப்படறாருன்னா, எனக்கு அவர வெச்சுக்கினு எப்பிடி இருக்கறதுன்னு தெரியும். அவரு இல்லாம எப்பிடி இருக்கறதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அவளுக்கு வாய் கிடையாது என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய், பார்த்தாயா.

இந்தக் கடிதத்தை நேசமணியிடம் காட்டவில்லை. இதை என்னைத் தவிர யாரும் திருத்தக்கூடாது என்று பட்டது. நிறைய இடத்தில் கால் விட்டுப்போயிருக்கும். நீ அவரையை அனுப்பிவைக்காமல் நிதானமாகப் படித்துக்கொள். உன் அவரை இந்த வருஷமும் கூரையில்தான் கிடக்கிறது, கார்த்திகையில் காய்க்கும். வந்து தின்றுவிட்டுப் போ.

நான் வியாழக்கிழமை பகல் வந்து சேருவேன். அதற்குள் நீ ராய்ச்சூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அமலுவைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொல்லு. சரி என்று சொல்லு, போதும். எழுதிப் பார் மாப்ளே, அந்தச் சொல்லில் கால் கிடையாது.

இப்படிக்கு,
உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
பக்தவச்சலம்